பழைய டீசல் காரில் புகையும் இழுவைக் குறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு புகார்களோடுதான் வருகிறார்கள். ஒன்று புகை, இன்னொன்று வண்டி இழுக்கவில்லை. கேட்கும் விதம் மாறினாலும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப அதேதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்ப விளக்கவில்லை.

டீசல் வண்டின்னா புகை வரத்தானே செய்யும், இதுக்குப் போய்க் கவலைப்படணுமா?

கொஞ்சம் வரும். டர்போ வைத்த பழைய வண்டியில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் ஒரு நொடி கறுப்பாக வந்து மறைவது இயல்பு. டீசல் உடனே கூடிவிடுகிறது, டர்போ சுழன்று காற்றைக் கூட்டுவதற்குச் சற்று நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். குளிர்ந்த காலையில் மெல்லிய நீராவி வந்து சில நிமிடங்களில் நிற்பதும் அப்படியே.

ஆனால் இன்ஜின் சூடான பிறகு, சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது பின்பக்கக் கண்ணாடியில் புகை தெரிகிறதென்றால் அது இயல்பு இல்லை. எத்தனை வயதான வண்டியாக இருந்தாலும் சரி. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதால்தான் ஒரு கிளாம்ப் இறுக்கினால் முடிகிற வேலை டர்போ மாற்றுவதில் போய் நிற்கிறது.

கலரை வெச்சே என்ன கோளாறுன்னு சொல்லிட முடியுமா?

பாதி சொல்லலாம். கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியாமல் கரியாக வெளியே வருகிறது: காற்று போதவில்லை, அல்லது டீசல் அளவுக்கு மேல் போகிறது, அல்லது சரியாகத் தூவப்படாமல் சொட்டுகிறது. வெள்ளை என்றால் இரண்டில் ஒன்று, எரியாமலே ஆவியான டீசல் அல்லது கூலன்ட். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

மீதிப் பாதி, புகை எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போதா, ஐட்லிங்கிலா, ஏற்றத்தில் மிதிக்கும்போதா, நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும்போதா? நிறத்தை விட இந்தப் பதில்தான் எனக்கு முக்கியம். அப்புறம் வாசனை. எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும், கூலன்ட் லேசான இனிப்பு வாசனையடிக்கும், ஆயில் காரமாகக் கருகின மாதிரி இருக்கும். சாம்பல் நிறம் என்று சிலர் சொல்வார்கள். அந்தி வெளிச்சத்தில் நீலமும் வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும், அதனால் பகலில், வெயில் பின்னால் இருக்கும்படி நின்று யாரையாவது ரேஸ் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

கரும்புகை வருது, இழுவையும் இல்லை. முதல்ல எதைப் பார்க்கணும்?

காற்றைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டர் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. பழைய டீசலில் காற்றுக்குத் தடை எதுவும் இல்லை, கால் அழுத்துவது டீசலின் அளவை மட்டும்தான். ஆகவே வரவேண்டிய காற்று எங்கேயாவது குறைந்தால் வண்டி இழுக்காது, நாம் இன்னும் மிதிப்போம், டீசல் இன்னும் கூடும், கரும்புகையும் கூடும். புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஃபில்டர் பெட்டிக்கு முன்னால் இருக்கிற குழாயையும் பாருங்கள், அதற்குள் எலி கூடு கட்டுவதும் இலைகள் அடைவதும் சாதாரணமாக நடப்பதுதான். அடுத்து டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (டர்போ அழுத்திய காற்றை ஆற்றும் பகுதி), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்கள். இவற்றில் கீறல் விழுந்தால் வண்டி நிற்கும்போது வாய் மூடியிருக்கும், அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கும், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஹோஸின் அடிப்பக்கம், வளைவு, கிளாம்ப் பிடிக்கிற விளிம்பு என்று கையால் தடவிப் பாருங்கள். வெளிப்புறம் ஒரே இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. மிதிக்கும்போது 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். ஹோஸின் உள்ளே லேசாக எண்ணெய் படிந்திருப்பது மட்டும் கோளாறு இல்லை, இன்ஜினின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாயிலிருந்து ஆயில் ஆவி அங்கே வருவது வழக்கம்.

இதெல்லாம் கையும் டார்ச்சும் போதுமான வேலை. இதை முடிக்காமல், டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் இன்ஜெக்டரைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

ஏர் ஃபில்டர் புதுசு, ஹோஸும் பார்த்தாச்சு. இன்னும் கரும்புகைதான். அடுத்து?

இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை. கரி படிந்து திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், முழு இழுவை வேண்டும்போதும் புதுக்காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். கழற்றினால் உள்ளே தார் மாதிரி கரி இருக்கும், சுத்தம் செய்து வால்வு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். அதோடு சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் வாயையும் எட்டிப் பாருங்கள், சில வண்டிகளில் பாதி வழி அடைந்தே போயிருக்கும்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி என்றால் இன்ஜினை அணைத்து அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை விளக்கு எரியும், பரவாயில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு பொதுவான அளவை வைத்து ஓட்டும். அப்படி ஓட்டும்போது வண்டி முன்னை விட நன்றாக இழுத்தால் சென்சார் மேல் சந்தேகம் உறுதியாகிறது. இவை இரண்டும் சரி என்றால்தான் டர்போவுக்கும் இன்ஜெக்டருக்கும் போக வேண்டும்.

டர்போ போயிடுச்சு, மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். நம்பலாமா?

எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் விசிறியை விரலால் ஆட்டிப் பார்க்கலாம், இன்ஜின் அணைந்து ஆறியிருக்கும்போது மட்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னுமாக இழுத்தால் கையில் தெரியும்படி அசையக் கூடாது. இறகுகள் உடைந்திருக்கக் கூடாது, கூட்டைத் தொட்டு உரசிய தடம் இருக்கக் கூடாது. ஓடும்போது சைரன் மாதிரி ஊளைச் சத்தம் புதிதாகக் கேட்டால் டர்போ உண்மையிலேயே நோயில் இருக்கிறது.

விசிறி நன்றாக இருந்தும் அழுத்தம் வரவில்லை என்றால் டர்போவைக் கட்டுப்படுத்துகிற பகுதியைப் பார்க்க வேண்டும். இறகு திசை மாறுகிற வகை டர்போவில் ஒரு சிறிய கம்பி அந்த இறகுகளை நகர்த்தும். வெற்றிடத்தால் இயங்குகிற வண்டிகளில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கம்பி ஒரு பக்கம் இழுபட வேண்டும், அணைத்தால் திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் சின்ன வேக்கம் ட்யூப் ஒன்று வெடித்திருக்கலாம், வெற்றிடத்தைத் திறந்து மூடும் மின் வால்வான கட்டுப்பாட்டு சோலனாய்டு போயிருக்கலாம், இறகுகள் கரியில் இறுகியிருக்கலாம். விரல் தடிமன்கூட இல்லாத ட்யூப் அது, பல முழு டர்போக்கள் அதனால் அநியாயமாக மாற்றப்படுகின்றன. டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து அனுப்பும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தாலும் இதே இழுவைக் குறைவு வரும், விரிசலைச் சுற்றிக் கரித்தடம் இருக்கும்.

காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப்புகை, கொஞ்ச நேரம் தட்டித் தட்டி ஓடுது, சூடானா சரியாயிடுது.

கண்ணைக் கரிக்கிற புகை என்றால் ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் போகிறது. முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது. மல்டிமீட்டரில் பார்த்தால் பெரும்பாலான 12 வோல்ட் பிளக்குகள் 1 ஓம் அளவிலோ அதற்குக் கீழோ காட்டும், தொடர்பே இல்லை என்று காட்டினால் அது செத்துவிட்டது. பிளக்குகள் எல்லாம் நன்றாக இருந்தால் அவற்றுக்குக் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள், ரிலே போயிருக்கலாம். டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிற இன்ஜின்கள் வெப்பமான காலத்தில் பிளக் இல்லாமலே கிளம்பிவிடும், அதனால் கோளாறு குளிர் வரும்வரை ஒளிந்திருக்கும். தனி முன்னறை வைத்த இன்னும் பழைய இன்ஜின்களுக்கு அந்த வசதி கிடையாது.

பிளக்கும் ரிலேயும் நன்றாக இருந்து, செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். டீசல் எரிவது அழுத்தத்தால் வரும் சூட்டில், மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. இதுவும் சரி என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவு) குறைவு, இரவில் சொட்டும் நாசில் (இன்ஜெக்டரின் முனை), அல்லது எரிபொருள் குழாயில் ஏர் பிடிப்பது. திரும்பும் குழாயில் கொஞ்ச தூரம் கண்ணாடி மாதிரி தெரிகிற ட்யூப் போட்டால் குமிழ் வருவது கண்ணுக்கே தெரியும்.

சூடான பிறகும் வெள்ளைப்புகை நிக்கவே இல்லை.

வண்டியை ஓட்டாதீர்கள், முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறங்கள். அளவு குறைந்துகொண்டே போகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை, புகை இனிப்பு வாசனையடிக்கிறது என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு), ஹெட்டில் விரிசல், இஜிஆர் கூலர் (இஜிஆர் புகையைக் கூலன்டால் ஆற்றும் பகுதி) கசிவு, இந்த மூன்றில் ஒன்று. இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் ரேடியேட்டர் ஹோஸ் இறுகிக் கல் மாதிரி இருந்தால் சிலிண்டரின் அழுத்தம் கூலன்டுக்குள் போகிறது, அதாவது கேஸ்கெட் அல்லது ஹெட். இஜிஆர் கூலர் மட்டும் என்றால் கூலன்ட் குறையும், ஆனால் இந்த இறுக்கம் பெரும்பாலும் இருக்காது. ஹெட்டை இறக்குவதற்கு முன் கூலரைத் தனியாக அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், வேலையின் அளவே வேறு.

கூலன்ட் குறையவில்லை, புகை கண்ணைக் கரிக்கிறது என்றால் அது டீசல்தான். டைமிங், அதாவது டீசல் தெளிக்கும் நேரம், பிந்தியிருக்கலாம், ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லாமல் இருக்கலாம்.

நீலப்புகை வந்தா இன்ஜினைப் பிரிக்கணுமா?

அவசரப்படாதீர்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள், சர்வீஸில் அதிகம் ஊற்றிவிட்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அடுத்து இன்ஜினின் மூச்சுக்குழாய், அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் போகக் கூடாத வழியில் எல்லாம் போகும்.

இரவு நின்று காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து நீலம் வந்து மறைந்தால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. இரண்டையும் பிரித்தறிய, ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி வாயின் மேல் தளர்வாக வைத்துப் பாருங்கள். லேசாக ஆவி வருவது சாதாரணம், மூடி துள்ளிக் குதித்தால் ரிங் வழியாக அழுத்தம் கீழே இறங்குகிறது. மூடி அமைதியாக இருக்க, இன்டர்கூலரில் ஆயில் தேங்கி நின்றால் டர்போ பக்கம் பாருங்கள். அங்கேயும் புது டர்போ வாங்குவதற்கு முன் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அந்தக் குழாய் அடைத்தபடியே இருந்தால் புது டர்போவும் ஒழுகும்.

புகையே இல்லை, ஆனா வண்டி இழுக்கல.

இங்கே கணக்கு தலைகீழ். காற்று போதுமான அளவு இருக்கிறது, டீசல்தான் போதவில்லை. டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், அதன் அடியில் நீர் வடிக்கிற திருகு இருந்தால் திறந்து வடியுங்கள். ஊருக்குள் நன்றாக ஓடி, ஏற்றத்திலோ அதிக வேகத்திலோ மூச்சு முட்டுவது ஃபில்டர் அடைப்பின் தெளிவான அடையாளம். ஃபில்டர் மாற்றியும் சரியாகவில்லை என்றால் டேங்கின் உள்ளே இருக்கிற சல்லடை. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மெல்ல மெல்ல இழுவை குறைந்து, டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றை உறிஞ்சிக்கொண்டு திரும்ப நன்றாக ஓடினால், டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது.

டீசல் பக்கம் எல்லாம் சரி என்றால் இன்னும் மூன்று இருக்கின்றன. புகைக் குழாயில் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்து இன்ஜின் மூச்சு விட முடியாமல் இருக்கலாம். கிளட்ச் வழுக்கலாம், மிதித்தால் ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. பிரேக் பிடித்தபடியே இருக்கலாம், ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது கொதிக்கிறதென்று தெரியும்.

ஓடிட்டிருக்கும்போதே திடீர்னு இழுவை போயிடுது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது. இது என்ன மாயம்?

இன்ஜின் கம்ப்யூட்டர் எதையோ பார்த்துப் பயந்து தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போகிறது. சாவியை அணைத்துப் போட்டதும் திரும்பப் பழைய நிலைக்கு வருகிறது, கோளாறு அப்படியேதான் இருக்கிறது. நீண்ட ஏற்றத்திலோ வேகமாக முந்தும்போதோ நடந்தால் பெரும்பாலும் டர்போவின் இறகுகள் இறுகி, அழுத்தம் அளவுக்கு மேல் போயிருக்கும். முன்னால் சொன்ன கம்பி தடங்காமல் நகர்கிறதா என்று பாருங்கள். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் வகை) டீசல் அழுத்தம் கம்ப்யூட்டர் கேட்ட அளவுக்கு ஏறாமல் போனாலும் இது நடக்கும்.

ஸ்கேனர்ல பி0299 காட்டுது. டர்போ மாத்திடலாமா?

வேண்டாம். பி0299 என்றால் டர்போ அழுத்தம் எதிர்பார்த்ததை விடக் குறைவு என்பது மட்டும்தான். ஹோஸ் கிழிந்தாலும் அதே எண்தான் வரும், ட்யூப் வெடித்தாலும் அதேதான். பி0234 அதன் எதிர்ப்பக்கம், அழுத்தம் அதிகம். பி0087 ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு, அதற்கு ஃபில்டரும் காரணமாகலாம், பம்பும் ஆகலாம், இன்ஜெக்டரும் ஆகலாம். எண் எந்தப் பாகம் என்று சொல்வதில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியை ஓட்டியபடி, பக்கத்தில் இருப்பவர் மூலம், கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஸ்கேனரில் ஒப்பிட்டால் எண்ணை விட நிறைய தெரியும்.

இன்ஜெக்டர் போயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

காமன் ரெயிலில் இரண்டு விதமாகப் போகும், இதைக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல இன்ஜெக்டர்கள் குப்பைக்குப் போகின்றன. ஒன்று உள்தேய்மானம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பும் குழாயையும் ஒரே அளவு குப்பிகளில் விட்டு ஐட்லிங்கில் ஓடவிட்டால், தேய்ந்தது மற்றவற்றை விட மிக அதிகமாக நிரப்பும். ரெயில் அழுத்தம் ஏறாது, ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கும், இழுவை இருக்காது. இன்னொன்று நாசில் முனை சொட்டுவது. கரும்புகை, ஒரே சிலிண்டரில் தட்டும் சத்தம், இந்தக் குப்பிச் சோதனையில் அது தெரியாமலே போகலாம், பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாகக் கட்டியிருந்து 'சுக் சுக்' என்று சத்தம் வந்தால் இன்ஜெக்டர் குற்றம் இல்லை, அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிகிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஓடும்போது ஒவ்வொரு பைப்பாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது வழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே 1000 பாரைத் தாண்டும் அழுத்தம், தோலைத் துளைத்து டீசல் உள்ளே போய்விடும். காயம் ஊசிமுனை அளவு தெரிந்தாலும் உடனே மருத்துவமனை போக வேண்டும், காத்திருந்தால் விரலோ கையோ போகலாம்.

டேங்க்ல ஊத்துற இன்ஜெக்டர் கிளீனர் வேலை செய்யுமா?

லேசான படிவு என்றால் கொஞ்சம் உதவும். தேய்ந்த இன்ஜெக்டரை, கிழிந்த ஹோஸை, இறுகிய இறகை அது எதுவும் செய்யாது.

இஜிஆரை அடைச்சுட்டா புகையும் குறையும், இழுவையும் கூடும்னு சொல்றாங்களே?

கரிப்புகை குறையலாம், உண்மைதான். ஆனால் இஜிஆர் இருப்பதே எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கட்டுப்படுத்த. அது கண்ணுக்குத் தெரியாத நச்சு, அடைத்தால் அது கூடும், பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. நன்றாக மூடுகிற இஜிஆர் முழு இழுவையின்போது மூடியேதான் இருக்கும், ஆகவே அடைத்ததும் இழுவை கூடினால் அந்த வால்வு மூடாமல் இருந்தது என்றுதான் பொருள். சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

டிப்ஸ்டிக்ல ஆயில் குறையறதுக்குப் பதிலா ஏறுது. நல்லதுதானே?

இல்லை, இது ஆபத்து. டீசல் ஆயிலில் கலக்கிறது, அல்லது கூலன்ட். விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாசனை தெரியும், கூலன்ட் கலந்தால் ஆயில் பால் காபி நிறமாகும். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்றுவிடும். சொட்டும் இன்ஜெக்டர், பம்பின் சீல், டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடித்துப் பிறகு எரிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியில் அடிக்கடி பாதியில் நின்றுபோன கரி எரிப்பு, இவைதான் காரணங்கள். ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, மூலத்தை நிறுத்த வேண்டும்.

சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் நிக்காம தானா ரேஸ் ஆகுது, பின்னால புகை மண்டலம்!

இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது. டர்போ சீல் போனாலோ, மேலே சொன்ன மாதிரி ஆயில் ஏறிப்போனாலோ இது நடக்கும், டீசலை நிறுத்தினாலும் நிற்காது. கை கியர் வண்டி என்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். அது முடியவில்லை என்றால் காற்று உள்ளே போகும் வாயைத் தட்டையான, உறுதியான பலகையால் அடைப்பதுதான் வழி. கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள், இழுத்துக்கொள்ளும். இன்ஜின் ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் அலறினால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு விலகிப் போங்கள், பாகங்கள் உடைந்து பறக்கலாம்.

டைமிங் பெல்ட் மாத்தினதுல இருந்துதான் இழுவை குறைஞ்சிருக்கு, லேசா வெள்ளைப்புகை வேற. மெக்கானிக் சம்பந்தமே இல்லைங்கிறார்.

சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். பெல்ட் ஓட்டுகிற மெக்கானிக்கல் பம்ப் என்றால் ஒரு பல் தள்ளி மாட்டினாலே டீசல் தெளிக்கும் நேரம் மாறிவிடும். பிந்தினால் வெள்ளைப்புகை, இழுவை இல்லை, சத்தம் மென்மையாக இருக்கும். முந்தினால் கடகடவென்று கடுமையான தட்டல். காமன் ரெயிலில் தெளிக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது, ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு பல் தள்ளியிருந்தால் வால்வு திறக்கும் நேரம் தவறி இழுவை குறையும், கம்ப்ரஷனும் குறைவாகக் காட்டும்.

இதனால்தான் கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் ரிங் போய்விட்டதென்று உடனே முடிவுக்கு வரக் கூடாது. தேய்மானம் பெரும்பாலும் ஒரு சிலிண்டரில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருக்கும். பெல்ட் மூடியைக் கழற்றி, இன்ஜினைச் சரியான நிலையில் பூட்டி வைக்கும், அந்த இன்ஜினுக்கான லாக்கிங் பின்களைப் போட்டு, குறிகள் பொருந்துகின்றனவா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். ஒரு பல் தள்ளியிருந்தால் அதைச் சரி செய்த பிறகு கம்ப்ரஷனை இன்னொரு முறை, டீசலுக்கான கேஜ் வைத்து எடுக்க வேண்டும்.